விலை ஏறும் என்ற எண்ணமே விலையை ஏற்றுமா? வட்டி அதில் என்ன செய்கிறது?

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் பலசரக்குக் கடை நடத்தும் ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இலங்கை மத்திய வங்கி குடும்பங்களிடமும் நிறுவனங்களிடமும் 'இன்னும் ஓராண்டில் விலைவாசி எவ்வளவு ஏறும் என்று நினைக்கிறீர்கள்' என்று விசாரித்து ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. நாங்கள் நினைப்பதால் விலை ஏறுமா, இறங்குமா என்பது முதலாவது கேள்வி. வட்டி கூடினால் தம் கடைக் கடனின் செலவும் கூடுகிறது, அதையும் சரக்கின் விலையில்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது, அப்படியிருக்க வட்டி உயர்வு விலையைக் கட்டுப்படுத்தும் என்பது எப்படிச் சரியாகும் என்பது இரண்டாவது. பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போய்விட்டதாகச் சொல்லப்பட்ட காலத்தில்கூடப் பருப்பும் மாவும் பழைய விலைக்குத் திரும்பவில்லையே என்பது மூன்றாவது. கடைசியில், தாயாரின் நிலையான வைப்பை என்ன செய்வது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். நாளைய விலையைப் பற்றிய நம்பிக்கை இன்றைய விலைக்குள் எந்த வழியாக நுழைகிறது, அந்த வழியை வட்டியால் அடைக்க முடியுமா என்பதே இவற்றுக்கெல்லாம் அடியிலுள்ள கேள்வி என்று எனக்குப் படுகிறது. நான் பொருளியல் படித்தவன். வணிக வங்கியொன்றின் கடன் பிரிவில் இருந்து புறக்கோட்டை வியாபாரிகளின் கணக்குகளை ஆண்டுக்கணக்காகப் பார்த்தவன். அந்த இரண்டையும் வைத்து, உறுதியானது எது, இன்னும் விவாதத்தில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு மட்டுந்தான் ஐயத்துக்கு இடமில்லாத விடை உண்டு. பணவீக்கம் என்று அறிவிக்கப்படுவது விலை எவ்வளவு என்பதை அல்ல, ஓராண்டுக்கு முந்திய விலையிலிருந்து அது எவ்வளவு மாறியது என்பதை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9 சதவீதம். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அது 1.3 சதவீதமாகவும், 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்குக் கீழே 0.5 சதவீதமாகவும் வந்தது. இதைக் கடைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய ஒரு கூடைச் சாமான் மறு ஆண்டில் ஏறத்தாழ 170 ரூபா, அதற்கடுத்த ஆண்டில் 172 ரூபா, அதற்கும் அடுத்த ஆண்டில் 171 ரூபா. (இடையில் சுட்டெண்ணின் அடியாண்டு 2013 இலிருந்து 2021 க்கு மாற்றப்பட்டதால் இது அண்ணளவான கணக்கே.) பணவீக்கம் எதிர்க்கணியத்துக்குப் போனபோது அந்த வாடிக்கையாளருக்குத் திரும்பக் கிடைத்தது ஒரு ரூபாவுக்கும் குறைவு. 70 ரூபா ஏறியது ஏறியபடியே நின்றுவிட்டது. ஆகவே புள்ளிவிபரமும் பொய்யில்லை, உங்கள் கல்லாவில் நிற்பவரின் முறைப்பாடும் பொய்யில்லை. பழைய விலையை மீட்டுத் தருவதாக எந்த மத்திய வங்கியும் உறுதியளிப்பதில்லை. அப்படி முயன்றால் அதற்குத் தேவைப்படும் மந்தநிலையில் வேலையிழப்பவர்களின் துன்பம், விலை குறைவதால் வரும் நன்மையைவிடப் பெரிதாக இருக்கும்.

இனி எதிர்பார்ப்பைப் பற்றி. எதிர்பார்ப்பு விலையாவது, தன் விலையைத் தானே திருத்தி எழுதக்கூடியவரின் கையில்தான். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பு இறக்குமதி செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு டொலர் 200 ரூபாவாக இருந்த நாளில் இறக்கிய மூட்டைகள் அவருடைய களஞ்சியத்தில் கிடக்கின்றன. அவற்றை வாங்கிய விலையோடு இலாபத்தைச் சேர்த்து விற்றால் கணக்கில் இலாபம்தான் தெரியும். ஆனால் டொலர் 300 ஆகப் போகிறது என்று அவர் நம்பினால், விற்று வரும் காசில் அடுத்த கப்பலில் அதே அளவு மூட்டை வாங்க முடியாது. மூன்றில் இரண்டு பங்குதான் வாங்கலாம். எனவே அவர் பழைய கொள்விலையை விட்டுவிட்டு, திரும்ப வாங்க ஆகும் விலையை வைத்து இன்றைய விற்பனை விலையைப் போடுகிறார். கூடவே இன்னொன்றும் நடக்கும். தொண்ணூறு நாள் கழித்து மாற்றத்தக்க காசோலைக்குச் சரக்குக் கொடுத்தவர் அதை முப்பது நாளாக்குவார், பிறகு ரொக்கம் மட்டும் என்பார். அந்தத் தவணை சுருங்கியதும், கடன் கொப்பியில் வாடிக்கையாளர்களுக்கு எழுதிக் கொடுக்கும் உங்களைப் போன்ற சில்லறைக் கடைக்காரர் அதே அளவு வியாபாரத்துக்குக் கூடுதல் முதல் போட வேண்டிவரும். 2022 இன் தொடக்க மாதங்களில் நான் பார்த்த கணக்குகளில், விலைப்பட்டியல் மாறுவதற்கு முன்பே தவணை சுருங்கத் தொடங்கியது. விலை ஏறும் என்ற நம்பிக்கையை எங்கேனும் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அங்கேதான் பார்க்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்த எடுத்துக்காட்டில் எதிர்பார்ப்பு டொலர் வழியாக வந்ததைக் கவனியுங்கள். எங்கள் நாட்டைப் பொறுத்தவரை இது தற்செயல் அல்ல. எரிபொருள், எரிவாயு, கோதுமை, பருப்பு, மருந்து என்று அன்றாட வாழ்வின் பெரும்பகுதி கப்பலில் வருவதால், நாணயமாற்று வீதத்தைப் பற்றிய நம்பிக்கைதான் விலைவாசியைப் பற்றிய நம்பிக்கையாகிவிடுகிறது. 2021 இன் பெரும்பகுதியில் உத்தியோகபூர்வ வீதம் 200 ரூபாவை ஒட்டிப் பிடித்துவைக்கப்பட்டிருந்தது. வெளிச்சந்தையில் அதைவிடக் கணிசமாகக் கூடிய விலை கிடைத்தது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கியை விட்டு, வங்கிக்கு வெளியே ஆள்வழியாகப் பணம் அனுப்பும் உண்டியல் முறைக்குப் போனார்கள். வங்கிகள் வழியாக வந்த பணம் 2020 இல் 7.1 பில்லியன் டொலராக இருந்து 2021 இல் 5.5 பில்லியனாகவும் 2022 இல் 3.8 பில்லியனாகவும் விழுந்தது. ஏற்றுமதியாளர்களும் டொலரை ரூபாவாக்கத் தயங்கினார்கள். ரூபா விழும் என்று எல்லோரும் நம்பி அதற்கேற்ப நடந்துகொண்டதால் வங்கிகளில் டொலர் வற்றியது, டொலர் வற்றியதால் 2022 மார்ச் 7 ஆம் திகதிக்குப் பிறகு ரூபா உண்மையிலேயே விழுந்து, சில வாரங்களில் 360 ஐத் தாண்டியது. எதிர்பார்ப்பு தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் என்பதற்குப் பாடப்புத்தகம் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்த நம்பிக்கை வெறும் பீதியாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசாங்கத்தின் செலவுக்காகப் பணம் அச்சிட்டு மத்திய வங்கி வாங்கி வைத்திருந்த அரச பிணையங்களின் (அரசின் கடன் பத்திரங்களின்) அளவு 2019 இறுதியில் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவாக இருந்து 2022 இறுதியில் 2 டிரில்லியனைக் கடந்தது. கொள்கை வட்டியோ (வங்கிகளின் வைப்புக்கு மத்திய வங்கி கொடுப்பது ஒன்று, அவற்றுக்குக் கொடுக்கும் கடனுக்கு அறவிடுவது மற்றொன்று என இரண்டு வீதங்கள்) 2021 ஓகஸ்ட் வரை 4.5, 5.5 சதவீதத்திலும் அதன் பிறகு 5, 6 சதவீதத்திலும் இருந்தது. ரூபாவை வைத்திருப்பவருக்கு நட்டம்தான் என்று கணக்குத் தெரிந்த எவரும் அறிந்திருக்கக்கூடிய நிலை அது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. வட்டியும் ஒரு செலவு, அது விலையில் ஏறும் என்பதில் தவறில்லை. பொருளியலாளர்களும் அதை மறுப்பதில்லை. தொழிற்படு மூலதனத்துக்கு, அதாவது சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் வேண்டிய பணத்துக்கு, வங்கியை நம்பியிருக்கும் வியாபாரங்களில் இந்த விளைவு உண்மையிலேயே தென்படும். ஆனால் அதன் அளவைப் பாருங்கள். மாதமொரு முறை சரக்கு சுழலும் கடையில் 12 சதவீத ஆண்டு வட்டி 24 ஆனால், ஒரு சுழற்சிக்குக் கூடும் செலவு சரக்கின் பெறுமதியில் ஒரு சதவீதம். டொலர் 200 இலிருந்து 360 ஆனால், இறக்குமதிச் சரக்கின் செலவு 80 சதவீதம் ஏறுகிறது. இரண்டில் எதைத் தடுக்க எதைப் பொறுத்துக்கொள்வது என்பதே மத்திய வங்கியின் முன்னிருந்த தெரிவு. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி கொள்கை வட்டி வீதங்கள் ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டப்பட்டு 13.5 உம் 14.5 உம் ஆக்கப்பட்டன. கடன் வாங்குபவரை நெருக்குவது அதன் ஒரு பாதிதான். ரூபாவைக் கையில் வைத்திருப்பவருக்கு அதை டொலராகவோ செட்டியார் தெருவில் தங்கப் பவுணாகவோ மாற்றாமல் வைத்திருக்க ஒரு காரணத்தைக் கொடுப்பது மறுபாதி. எங்கள் நாட்டில் இந்த மறுபாதிதான் பெரிய வேலையைச் செய்தது என்பது என் கணிப்பு.

எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. வட்டிதான் விலையை ஏற்றுகிறது என்ற உங்கள் வாதத்தையே அரச கொள்கையாக எடுத்துக்கொண்ட துருக்கி, 2021 செப்டெம்பரில் 19 சதவீதமாக இருந்த கொள்கை வட்டியை அந்த ஆண்டு டிசெம்பருக்குள் 14 ஆகக் குறைத்தது. லிரா சரிந்தது, 2022 ஒக்டோபரில் அங்கு பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. உக்ரேன் போரால் உயர்ந்த எரிபொருள் விலைக்கும் அதில் பங்குண்டு. என்றாலும் அதே போரின் தாக்கத்தைச் சந்தித்த பல அயல்நாடுகளில் பணவீக்கம் அந்த உயரத்தை எட்டவில்லை.

ஒரு நுட்பமான இடம் இங்கே இருக்கிறது, அதை விளங்கிக்கொண்டால் கணக்கெடுப்பு ஏன் நடத்தப்படுகிறது என்பதும் விளங்கும். 2022 ஏப்ரலில் கொழும்புப் பணவீக்கம் 29.8 சதவீதம். கொள்கை வட்டி 14 சதவீதத்தை ஒட்டி இருந்தால் அது பணவீக்கத்தில் பாதிகூட இல்லையே, அது எப்படி யாரையும் மனம் மாற்றும்? கடன் வாங்குபவரும் வைப்பிடுபவரும் பார்ப்பது கடந்த ஆண்டின் பணவீக்கத்தை அல்ல, வரும் ஆண்டின் பணவீக்கத்தை. அடுத்த ஆண்டு விலைவாசி 60 சதவீதம் ஏறும் என்று நம்புபவருக்கு 30 சதவீத வட்டியும் மலிவு. கடன் வாங்கிச் சரக்கைப் பதுக்கி வைக்கலாம். அடுத்த ஆண்டு 5 சதவீதந்தான் ஏறும் என்று நம்புபவருக்கு அதே 30 சதவீதம் கழுத்தை நெரிக்கும். ஆக, வங்கி அறிவிக்கும் வட்டி ஒன்றாக இருந்தாலும் அதன் உண்மைக் கனத்தை எதிர்பார்ப்புத்தான் தீர்மானிக்கிறது. எதிர்பார்ப்பு என்னவென்று அறியாமல், தான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்பதை மத்திய வங்கியால் அறிய முடியாது. 2022 செப்டெம்பரில் திறைசேரி உண்டியல்கள் (அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரங்கள்) 30 சதவீதத்தை ஒட்டிய வட்டிக்கு விற்கப்பட்டன. அதை ஓராண்டுக்கு வாங்கியவர், பின்னோக்கிப் பார்த்தால் 69.8 சதவீதப் பணவீக்கத்தில் நட்டப்படுபவராகத் தெரிந்தார். ஆனால் அவர் பணம் முதிர்ந்த ஓராண்டில் விலைவாசி 1.3 சதவீதமே ஏறியிருந்தது. அதே மாதத்தில் 360 ரூபாவுக்கு மேல் கொடுத்து டொலர் வாங்கி வைத்தவர், அடுத்த ஆண்டு 330 க்கும் கீழே அதை மாற்ற வேண்டியிருந்தது.

இந்த இறுக்கம் இலவசமாக வரவில்லை. வணிக வங்கிகள் தம் முதன்மை வாடிக்கையாளர்களுக்கு விதிக்கும் சராசரி வட்டி 2021 நடுப்பகுதியில் 6 சதவீதத்தை அண்டியிருந்தது. 2022 இறுதியில் 27 சதவீதத்தைத் தாண்டியது. ஒரு கோடி ரூபா மேலதிகப் பற்றுக்கு (ஓவர்டிராப்டுக்கு) ஆண்டு வட்டி ஆறு இலட்சத்திலிருந்து இருபத்தேழு இலட்சமாகிறது என்றால், அச்சகமோ பேக்கரியோ நடத்தும் ஒருவருக்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. முதன்மை வாடிக்கையாளராக இல்லாத சிறு வியாபாரி அதைவிடவும் கூடுதலாகக் கட்டினார். நொடித்தவர்களின் தொகை பெருகியதால், அடைமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கிகள் ஏலத்தில் விடும் பராட்டே அதிகாரத்தை 2024 இல் சட்டம் இயற்றித் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டிவந்தது. இந்தச் சுமையைக் குறைத்துப் பேசும் பொருளியல் விளக்கம் எதையும் நான் ஏற்பதில்லை. வட்டியைப் போதிய அளவு உயர்த்தத் தவறிய 2020, 2021 ஆம் ஆண்டுகளுக்கான விலையை 2022 இல் கடன் வாங்கியவர்கள் கட்டினார்கள் என்பதே என் கருத்து.

குடும்பங்களின் நிலை வேறு. மாதச் சம்பளம் வாங்குபவர் விலை ஏறும் என்று எவ்வளவு உறுதியாக எதிர்பார்த்தாலும் தன் சம்பளத்தைத் தானே திருத்தி எழுத முடியாது. தொழிற்சங்கங்கள் பலமாக இருந்த எழுபதுகளின் மேற்கு நாடுகளில் எதிர்பார்ப்பு கூலி வழியாக விலைக்குப் போனது; இங்கே தனியார் துறையில் பெரும்பாலோருக்கு அந்தப் பேரம் பேசும் பலம் இல்லாததால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டே இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதி 2022 ஆம் ஆண்டுக்குக் கொடுத்த வட்டி 9 சதவீதம். அந்த ஆண்டு டிசெம்பரில் பணவீக்கம் 57.2 சதவீதம். நட்டம் வருகிறது என்று தெரிந்தும் உறுப்பினரால் அந்தப் பணத்தை அசைக்க முடியவில்லை. அசைக்கக்கூடிய சிறு தொகைகளில்தான் எதிர்பார்ப்பு வேலை செய்தது: சீட்டில் முதல் தவணையிலேயே எடுக்கப் போட்டி கூடியது, கடைசியில் எடுத்தவருக்குக் கிடைத்த தொகை பழைய அளவுச் சாமானுக்குப் போதவில்லை. வாடகை வீடுகளிலும் அப்படித்தான். வெள்ளவத்தையில் வீட்டுச் சொந்தக்காரர் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் தன் எதிர்பார்ப்பை எழுத்தில் வைக்கலாம். குடியிருப்பவர் கையெழுத்துத்தான் வைக்கலாம்.

இதுவரை சொன்னவற்றில் உறுதியானவை எவை, விவாதத்துக்குரியவை எவை? நாணயமாற்று வீதம் பற்றிய எதிர்பார்ப்பு எங்கள் விலைகளுக்குள் விரைவாகப் புகுகிறது என்பதும், உண்மை வட்டி (வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்த மீதி) எதிர்பார்ப்பைப் பொறுத்தது என்பதும் உறுதி. பணவீக்கம் 69.8 இலிருந்து 1.3 க்கு இறங்கியதில் வட்டியின் பங்கு எவ்வளவு என்பது உறுதியல்ல. முந்திய ஆண்டின் பாய்ச்சல் பன்னிரண்டு மாதக் கணக்கிலிருந்து விலகியதாலேயே இலக்கத்தின் பெரும்பகுதி இறங்கியது. உலகச் சந்தையில் எரிபொருள் விலை தணிந்ததும், இரசாயன உரத் தடை நீங்கிய பின் அறுவடை தேறியதும், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியதால் டொலர் மிஞ்சியதும், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி உறுதியானதும் சேர்ந்தே நடந்தன. இவற்றைப் பிரித்துப் பங்கு போடும் ஆய்வு எதுவும் பல ஊகங்களின் மேல்தான் நிற்கும்.

குடும்பங்களின் எதிர்பார்ப்பு உயர்ந்தால் அவர்கள் கூடுதலாகச் செலவழிப்பார்கள் என்ற பாடமும் நடைமுறையில் உறுதிப்படவில்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், விலை ஏறும் என்று அஞ்சும் குடும்பம் பொருளாதாரமே மோசமாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டு கையை இறுக்கிக்கொள்வதும் தெரியவந்திருக்கிறது. பணவீக்க இலக்கை முதன்முதலில் கைக்கொண்ட நியூசிலாந்திலேயே நிறுவன முகாமையாளர்கள் பலருக்கு அந்த இலக்கு எவ்வளவு என்று தெரியாதிருந்தது. எதிர்பார்ப்பு பணவீக்கத்தைத் தீர்மானிக்கிறது என்ற கருத்துக்கே அடித்தளம் போதாது என்று அமெரிக்க மத்திய வங்கியின் பொருளியலாளர் ஜெரமி ரட் 2021 இல் எழுதினார். அந்த விவாதம் முடிந்துவிடவில்லை. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் யாருடைய எதிர்பார்ப்பு என்று கேட்காமல், ஒரு சராசரி இலக்கத்தை வைத்துக்கொண்டு பேசுவது பிழை என்பதில் எனக்கு ஐயமில்லை. இறக்குமதியாளர் நூறு பேரின் எண்ணம், ஓய்வூதியம் பெறும் ஆயிரம் பேரின் எண்ணத்தைவிட விலையை அசைக்கும்.

2023 இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். அது அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதைத் தடை செய்கிறது. அதன் கீழ் பணவீக்க இலக்கு 5 சதவீதம் என்று வகுக்கப்பட்டு, இரண்டு புள்ளி மேலோ கீழோ தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் விலகினால் பாராளுமன்றத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றாகியிருக்கிறது. 2024 இல் பணவீக்கம் கீழ்ப்பக்கமாக விலகியபோது அந்தக் கடப்பாடு எழுந்தது. இதன் பயன் பொதுமக்கள் அனைவரும் 5 என்ற இலக்கத்தை மனப்பாடம் செய்வதில் இல்லை. பணம் அச்சிடப்பட்டு ரூபா மறுபடியும் விழும் என்று விலை போடும் வியாபாரி நம்பத் தேவையில்லாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

உங்கள் தாயாரின் வைப்பைப் பற்றி, குடும்பத்தின் மற்ற வரவு செலவு தெரியாமல் நான் முடிவு சொல்ல முடியாது. கணக்கு மட்டும் சொல்கிறேன். 2021 செப்டெம்பரில் 5 சதவீத வட்டிக்குப் போட்ட ஓர் இலட்சம், ஓராண்டில் 105,000 ஆகியும் பழைய விலையில் 62,000 ரூபாச் சாமானுக்கும் குறைவாகவே வாங்கியது. 2024 இன் இறுதியிலும் 2025 இன் முதற்பாதியிலும், விலைவாசி முந்திய ஆண்டைவிடக் குறைந்திருந்தபோது, அன்றைய சாதாரண வட்டியே உண்மையில் நல்ல வருமானமாக இருந்தது. 2025 மே மாதத்தில் கொள்கை வட்டி 7.75 ஆகக் குறைந்தது. ஓகஸ்ட்டில் பணவீக்கம் மறுபடியும் பூச்சியத்துக்கு மேல் வந்தது. பணவீக்கம் இலக்கை நோக்கி 5 க்கு ஏறினால், இன்று வைப்பில் கிடைக்கும் உண்மை வருமானம் அந்த அளவுக்குச் சுருங்கும். வங்கியில் தரப்படும் வட்டியிலிருந்து வரியைக் கழித்து, மீதியிலிருந்து 5 ஐக் கழித்துப் பாருங்கள். அது தாயாருக்குப் போதுமா என்பதே கேள்வி. முழுத் தொகையையும் ஒரே திகதியில் முதிர வைக்காமல் மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்துப் போட்டால், வட்டி எப்பக்கம் போனாலும் ஒரு பகுதியை மாற்றி வைக்க வழியிருக்கும்.

கடைக் கடனுக்கு இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. கடன் ஒப்பந்தத்தை எடுத்து, வட்டி நிலையானதா, மாறக்கூடியதா, மாறக்கூடியதென்றால் எந்த வீதத்தை ஒட்டி, எத்தனை மாதத்துக்கொரு முறை மாறும் என்ற வாசகத்தைத் தேடுங்கள். 2022 இல் என் மேசைக்கு வந்தவர்களில் பலர் அந்த வாசகத்தை முதன்முதலாக வாசித்தது வட்டி இரண்டு மடங்கான கடிதம் கிடைத்த பிறகுதான். வட்டி தாழ்ந்திருக்கும் காலத்தில் நிலையான வட்டிக்கு மாற்றித் தரும்படி கேட்டால் வங்கி அரை அல்லது ஒரு சதவீதம் கூடுதலாகக் கேட்கலாம். சரக்கு மாதமொரு முறை சுழலும் உங்களுக்கு அந்தக் கூடுதல் தாங்கக்கூடியதே; ஐந்தாண்டு லீசிங்கில் எடுத்த வாகனமும் இருந்தால், முதலில் அதற்குக் கேளுங்கள்.